வலிக்காத கால்

என் கால் வெந்துகொண்டிருந்தபோது நான் பூண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் யாரும் முதல் தடவையிலேயே நம்புவதில்லை. "என்னது?" என்று இன்னொரு தடவை கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே இன்றுவரை முழுசாக நம்பிக்கை வரவில்லை.

எண்பதுகளில் ஒரு மார்கழி மாதம். நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டியூட்டி முடிந்து வந்து, இரண்டு உள்ளங்காலுக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, அடுப்பில் சுட்ட செங்கல்லைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் தட்டு. பனிக்காலத்தில் பாதத்துக்குச் சூடு கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பருவத்துக்கு நான் வைத்திருந்த ஒழுங்கு. விழுப்புரத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். அடுக்களையில் இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி சரோஜா, ஏதோ கருகுற வாசனை வருது?"

"அடுப்புல பால் பொங்கிச்சா பாரு" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். "அடிப்பாவி, காலுடி! உன் காலு!" என்று கத்திக்கொண்டே என் காலைப் பிடித்து இழுத்தாள். துணி கருகிச் சதையோடு ஒட்டியிருந்தது. இழுத்ததில் தோல் துணியோடு வந்துவிட்டது. நான் பார்த்தேன். யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒரு சுரீர் கூட இல்லை.

அப்போது நான் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பெருமையாகவே சொன்னேன். "பாத்தியாக்கா, கொஞ்சங்கூட வலிக்கலை. எண்ணெய் ஏறின காலு."

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கை கால் வீங்கி, படுத்த படுக்கையாகி, ஐம்பதைத் தாண்டாமல் போனவர். எனக்கோ உட்கார்ந்தே பார்க்கிற உத்தியோகம். காதில் ஹெட்போன், எதிரே போர்டு, கையில் லைன் இணைக்கிற கார்டு வயர். ஒரு ஷிப்ட் முழுக்க எழுந்திருக்க நேரம் இருக்காது. உடம்பு ஊதிக்கொண்டே போனது. அப்பாவின் கதி எனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் இருந்தபோதுதான் விழுப்புரத்தில் ஒரு ஆயுர்வேத வைத்தியர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறார் என்று அக்கா கூட்டிப்போனாள். வியாதி வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வதே மேல் என்றார். ஒரு நாளை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது, கோடையில் என்ன, மழையில் என்ன, பனியில் என்ன என்று அழகாகச் சொன்னார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

விடிவதற்கு முன் எழுந்து நல்லெண்ணெயால் வாய் கொப்பளிப்பேன். நாக்கு வழித்து, வெந்நீர் குடித்து, தேனில் ஊறிய இஞ்சி சாப்பிடுவேன். கோடை வந்தால் நீர்மோர், நன்னாரி. மழைக்காலத்தில் சுக்கும் மிளகும். பனிக்காலம் என்றால் பசி கூடும், அப்போது உடம்புக்குக் கனமாகக் கொடுக்கலாம் என்பது விதி. உளுந்தங்களி, கருப்பட்டி, நெய், லேகியம் என்று நானும் கனமாகவே கொடுத்தேன். அதே வைத்தியர் தினமும் பாதி களைக்கும்வரை உடம்பை அசைக்கச் சொன்னார், கோடை தவிர மற்ற காலத்தில் பகலில் தூங்கக் கூடாது என்றார். நைட் ஷிப்ட் பார்க்கிறவள் பகலில் தூங்காமல் என்ன செய்வது? சாப்பிடச் சொன்னதையெல்லாம் அன்றைக்கே சாப்பிட்டேன். நடக்கச் சொன்னதை நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அப்போது எனக்குக் காலெரிச்சல் இருந்தது. ராத்திரி படுத்தால் மிளகாய்ப் பொடியை அப்பியதுபோல இரண்டு பாதமும் காந்தும். வைத்தியர் தூங்கப் போகும்முன் பாதத்துக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். மாதக்கணக்கில் விடாமல் தேய்த்தேன். எரிச்சல் குறைந்தது, பிறகு அறவே நின்றுபோயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "வைத்தியரம்மா" என்று கிண்டல் செய்தவர்களே வீட்டுக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்கள். வைத்தியருக்கும் சொல்லியனுப்பினேன், மனுஷர் மகிழ்ந்துபோனார்.

வெந்த காலுக்குச் சோற்றுக்கற்றாழை வைத்துக் கட்டினேன். வலி இல்லாததால் டாக்டரிடம் போகவில்லை, வேலைக்குக்கூடப் போனேன். அக்கா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது எனக்குக் குளிர்காய்ச்சல், பாதம் பரங்கிக்காயாய் வீங்கியிருந்தது, சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் நிறம் மாறியிருந்தன. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மண்டிக்கு ஆள் அனுப்பி, அங்கே வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரை வரவழைத்தாள். "தம்பி, ஒரு வண்டி ஜல்தியா கொண்டாங்க. இவ பேச்சைக் கேட்டா இவ மிஞ்ச மாட்டா" என்றாள். அன்று பகலே விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருந்தேன்.

அங்கே டாக்டரம்மா ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்த்தார், ஆபரேஷனும் அவரே. காலைப் பார்ப்பதற்கு முன் சிறுநீர் கேட்டார். காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை எடுத்து, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நீலம் பச்சையானது, மஞ்சளானது, என் கண்ணெதிரே செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கா? எனக்கு ஏது சர்க்கரை? ரேஷன்ல போடுற சர்க்கரையைக்கூட அக்காவுக்குத்தாங்க குடுக்கிறேன். வெள்ளைச் சர்க்கரையைக் கையால தொட்டு வருஷமாச்சுங்க."

"இனிப்பே சாப்பிடறதில்லையா?"

"தேனு சாப்பிடுவேன். கருப்பட்டி. மார்கழி பொறந்ததுல இருந்து லேகியம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, ரத்தத்துக்குள்ள போனா தேனும் சர்க்கரைதான், கருப்பட்டியும் சர்க்கரைதான். அது எந்தக் கடையில வாங்கினதுன்னு உடம்பு கேக்காது."

எனக்குக் கோபம்தான் வந்தது. விடியலில் எழுந்து இத்தனை ஒழுங்காக இருந்த எனக்கா? நாள் முழுக்க போண்டாவும் டீயுமாக இருக்கிற எங்கள் சூப்பர்வைசருக்கு இல்லாமல் எனக்கா? அக்கா என் வாயைப் பொத்தாத குறை.

அடுத்து அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "காலுல ஊசியால தொடுவேன். தெரியறப்போ சொல்லுங்க" என்றார். நான் காத்திருந்தேன். எப்போது ஆரம்பிக்கப் போகிறார் என்று பொறுமையில்லாமல் கண்ணைத் திறந்தால், நல்லாயிருந்த வலது பாதத்தில் ஐந்தாறு இடங்களில் பொட்டுப்பொட்டாக ரத்தம். எல்லாம் குத்தி முடித்திருந்தார். வெந்த கால் இடதுகால். அப்படியானால் இரண்டுமே போய்விட்டதா?

"முன்னாடி எரிச்சல் இருந்துதா?" என்று கேட்டார்.

"இருந்துதுங்க. எண்ணெய் தேய்ச்சுப் போயிடுச்சு."

"போகலைம்மா. நீங்க டெலிபோன்ல வேலை பாக்கறீங்க இல்லையா? ஒரு லைன்ல இருந்து கம்ப்ளெயின்ட்டே வரலைன்னா, லைன் நல்லா இருக்குன்னும் அர்த்தம், லைன் டெட்டுன்னும் அர்த்தம். சர்க்கரை அதிகமா இருந்து இருந்து நரம்பு கெடும்போது முதல்ல எரியும். நரம்பு செத்துட்டா எரிச்சல் நின்னுடும். உங்களுக்கு அதுதான் ஆச்சு."

இதை எனக்குப் புரியவைக்க அவர் வேறு எந்த உதாரணமும் சொல்லியிருக்க முடியாது. செத்த லைனை எத்தனை தடவை நானே டெஸ்ட் பண்ணியிருப்பேன். என் காலின் சாவை நான் குணமானது என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, நான் குரங்கைப் பிடித்து வைத்துக் கொழுக்கட்டையும் படைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. விடிந்ததும் நீல மருந்துச் சோதனை, பிறகு இன்சுலின். இன்சுலின் என்பது சர்க்கரையை ரத்தத்திலிருந்து உடம்புக்குள் சேர்ப்பிக்கிற சுரப்பு, என் உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாததால் ஊசியில் கொடுத்தார்கள். கண்ணாடிச் சிரிஞ்சை ஸ்டெரிலைசரில் கொதிக்கவைக்கும் சத்தம் கேட்டாலே என் தொடை சுருங்கும். தொடையில் வலி நன்றாகத் தெரிந்தது. மத்தியானம் கட்டுப் பிரித்துச் சீழ் எடுப்பார்கள். அந்த நாற்றத்துக்கு அடுத்த கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கோ வலி இல்லை. என் காலை வைத்து அவர்கள் என்னென்னவோ செய்ய, நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அலறித் துடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இரண்டு விரலும் கருத்துவிட்டன. கேங்கிரீன் என்றார்கள், ரத்தம் போகாமல் சதை செத்து அழுகுவது. விரலோடு போகுமா, கணுக்கால்வரை போகுமா, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்குமா என்பதுதான் ஒரே கேள்வி. சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சாவு பயம்கூட அவ்வளவு இல்லை. கக்கூஸுக்குப் போக இன்னொருத்தர் தோள் வேண்டும் என்ற நினைப்புதான் என்னைத் தின்றது.

அக்கா வீட்டிலிருந்து கேப்பைக் கூழும் கீரையும் வரும். அவளே சமைத்து, அவளே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து, அவளே திட்டிக்கொண்டு ஊட்டுவாள். மேல்மலையனூர் அம்மனுக்கு அமாவாசைக்கு வருவதாக வேண்டிக்கொண்டு என் தலையணையடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பில் பற்றிக் கேட்டால், "ஆவறது ஆவட்டும், நீ படு" என்பதோடு சரி.

ஒருநாள் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு, "இனிமே இவங்க உள்ளங்காலைத் தினமும் யாராவது பார்க்கணும். முள்ளு குத்தினாலும் இவங்களுக்குத் தெரியாது" என்றார். மறுநாள் அவர் வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டின பெண்டாட்டி காலை மடியில் வைக்கிற புருஷனை எங்கள் பக்கம் யார் பார்த்திருக்கிறார்கள்? வார்டே பார்க்கிறது.

"விடுங்க. இன்னாங்க இது, நாலு பேரு பாக்கறாங்க."

"மூட்டை மூட்டையா மல்லாட்டையைக் கொட்டிப் பூச்சி கீச்சி இருக்குதான்னு தெனம் பாக்கறவன் நானு. இதையும் பாத்துட்டுப் போறேன். சும்மா இரு."

விரல் இடுக்கையெல்லாம் விரித்துப் பார்த்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

விஷயம் கேள்விப்பட்டு வைத்தியர் வந்தார். அக்கா வாசலிலேயே மறித்தாள். "வாங்க வைத்தியரே. கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம் சொல்லித்தர வந்தீங்களா?"

அவர் என் அருகில் வந்து நின்றார். நான் டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

"அப்போ, அந்த எரிச்சல் நின்னதும்மா?"

"நரம்பு செத்ததாலதானாம்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "உங்க கதையத்தாம்மா நான் போற ஊர்லயெல்லாம் சொல்லிக்கினு இருக்கிறேன். திண்டிவனத்துல ஒரு டெலிபோன் அம்மா, பாதத்துக்கு எண்ணெய் தேய்ச்சே காலெரிச்சல் போயிடுச்சுன்னு. எத்தினி பேரு அதைக் கேட்டுட்டுப் போயிருக்கிறாங்க! அவுங்கள்ல எத்தினி பேருக்கு எரிச்சல் நின்னுதோ, எப்படி நின்னுதோ. நீரிழிவுன்னு எங்க சாஸ்திரத்துலயும் இருக்குதும்மா. தேன் மாதிரி நீர் போகும்னு படிச்சவன்தான் நானு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

திட்டுவதற்குத் தயாராக நின்ற அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். ஊசியால் எப்படித் தொட்டுப் பார்ப்பது, நீல மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனதாக நர்ஸ் சொன்னாள். அதன்பிறகு வகுப்புக்கு வந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் போனாராம். செஞ்சியில் ஒரு வாத்தியாருக்குக் குத்தின ஊசி தெரியவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்த மனிதரும் எரிச்சல் போய்விட்டது என்று சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் தினசரி ஒழுங்கு, பருவ ஒழுங்கு எல்லாம் பொய்யா என்று யாராவது கேட்பீர்கள். நான் இன்றைக்கும் விடியலில் எழுகிறேன். வாய் கொப்பளிக்கிறேன். கோடையில் மோர், மழையில் சுக்கு உண்டு. நாளைக்கு என்று தள்ளிய நடையை இன்றைக்கே நடக்கிறேன், செருப்போடு. தேன் இல்லை, லேகியம் இல்லை. ஒழுங்காக இருக்கிறோம் என்ற தைரியத்தில் சோதித்துப் பார்க்காமல் இருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. உங்களுக்குக் காலெரிச்சல் இருந்து, அது தானாக நின்றுபோயிருந்தால் தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள். முதலில் போய் ரத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆபரேஷன் ஒரு காலையில் நடந்தது. டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "மயக்கம் குடுக்கப் போறதில்லை. உங்க சர்க்கரைக்கு அது ஆபத்து, உங்களுக்கு அது தேவையுமில்லை. செத்த சதையை வெட்டிக்கிட்டே மேல வருவேன். ரத்தம் வந்து, உங்களுக்கு வலிக்கிற இடம்தான் உயிருள்ள இடம். அங்க நிறுத்திடுவேன். கணுக்கால் வரைக்கும் வலியே வரலைன்னா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன், அங்க மேல எடுத்துடுவாங்க. வலிச்சா உடனே சொல்லணும். பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கறேன்னு மட்டும் இருக்காதீங்க."

பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்று கேட்டே வளர்ந்த எனக்கு, பொறுக்காதே என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேசையில் படுக்கவைத்து இடுப்புக்கு நேரே பச்சைத் துணியால் மறைத்தார்கள். பார்க்க முடியாதே தவிர, கேட்க முடிந்தது. கத்தரி நறுக்கும் சத்தம். கிண்ணத்தில் ஏதோ விழும் சத்தம்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"சுண்டுவிரல் போச்சும்மா." மறுபடியும் கத்தரிச் சத்தம். "இப்போ?"

"இல்லைங்க."

இரண்டாவது விரலும் கிண்ணத்தில் விழுந்தது. எலும்பை நொறுக்கும் சத்தம் பல்லுக்குள் கேட்டது. என் உடம்பைத்தான் அறுக்கிறார்கள், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. நர்ஸ் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாதத்தின் விளிம்புக்கு வந்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். "வலிக்குதா?" இல்லை. "இங்க?" இல்லை. ஒவ்வொரு இல்லையும் சொல்லச் சொல்ல என் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கத்தரி மேலே வருகிறது. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது கணுக்காலுக்கு?

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன? நிறுத்திவிடுவார். கால் இருக்கும். உள்ளே செத்த சதை தங்கினால் விஷம் ஏறி நான்தான் செத்துப்போவேன் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார், எனக்கும் தெரியும். தெரிந்தும், வேண்டாம், இதற்கு மேல் வேண்டாம், பொய்யாவது சொல்லி இந்தக் கத்தரியை நிறுத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

வாயைத் திறந்தேனே தவிர பொய் வரவில்லை. காலடியிலிருந்து தீக்குச்சி கிழித்ததுபோல ஒன்று கிளம்பி முழங்கால்வரை ஓடியது. "ஐயோ அம்மா!" என்று கத்தினேன். நான் கத்துவது எனக்கே புரிவதற்கு முன் கத்தினேன். டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு, "ரத்தம் நல்லா வருது. போதும், இங்கேயே நிறுத்திக்கலாம்" என்றார். நான் மறுபடியும் கத்தினேன். வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது. மரத்துப்போக ஊசி போடட்டுமா என்று கேட்டபோது, கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள் என்றேன்.

வெளியே ஒரே அழுகைச் சத்தம். அக்கா பயந்துபோய் அழுகிறாள் என்று நினைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாளாம்.

"கத்துறா தம்பி! கேட்டீங்களா? அவளுக்கு வலிக்குது தம்பி!"